தொலைக்காட்சிப் பெட்டியைத் தெரிந்தெடுத்தல்: ஒளியும் உருவும் விலையும்



வானொலியில் வந்து தொலைக்காட்சியைப் பற்றிப் பேசுவது, ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்துகொண்டு அடுத்த வீட்டைப் புகழ்வது போலச் சிலருக்குத் தோன்றலாம். ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் தொலைக்காட்சியின் புகழுமன்று, இகழுமன்று. ஓர் உழைப்பாளி தன் கைப்பொருளைக் கொடுத்து அந்தப் பெட்டியை வாங்கப் போகும்போது எவற்றை ஒப்பிட வேண்டும், எவ்வாறு ஒப்பிட வேண்டும் என்பதே பொருள். எந்தக் கம்பனியின் பெட்டி சிறந்தது என்று சொல்ல நான் வரவில்லை. கம்பனிகளின் பெயர்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஒப்பிடும் முறை அவ்வளவு விரைவில் மாறுவதில்லை.

நான் தொழில் புரியும் பெரகல, கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வரும் பெருந்தெரு வெல்லவாயவை நோக்கி இறங்கத் தொடங்குமிடத்தில், அப்புத்தளை, பண்டாரவளை வழியாகப் பதுளைப் பக்கம் செல்லும் தெரு பிரிகின்ற ஒரு மலைச் சந்தி. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். தீபாவளிக்கு முன் தோட்டங்களில் முற்பணம் கொடுக்கப்படும் நாட்களில், பண்டாரவளைக் கடைத்தெருவிலும் பதுளைக் கடைத்தெருவிலும் மின்சாரப் பொருட் கடைகளின் முன் நம் மக்கள் கூட்டமாக நிற்பதைக் காணலாம். அந்நாட்களில் பெற்றோர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "சேர், எந்த டி.வி. வாங்கினா நல்லதுங்க?" என்பார்கள். பாடசாலை அதிபருக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கையிலே கேட்கப்படும் கேள்வி அது. முற்பணமாகப் பெற்ற பணம் பின்னர் மாதந்தோறும் சம்பளத்திலே கழிக்கப்படும் பணமென்பதை எண்ணும்போது, அந்தக் கேள்விக்குப் பொறுப்பாக விடையளிக்க வேண்டியது கடமையாகிறது.

முதலில் இந்தக் கருவி நம்மிடம் வந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1926ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலே லண்டன் மாநகரில் ஜோன் லோகி பெயர்ட் என்பவர், உயிருள்ள மனித முகத்தை 30 வரிகள் கொண்ட மங்கலான உருவமாக இயந்திரத்தின் மூலம் அனுப்பிக் காட்டினார். பத்து ஆண்டுகள் கழித்து, 1936ஆம் ஆண்டில், பி.பி.சி. நிறுவனம் 405 வரிகளைக் கொண்ட ஒளிபரப்பைத் தொடங்கியது. இலங்கையிலே 1979ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஜப்பானிய அரசின் நன்கொடையால் அமைந்த ரூபவாஹினியும் தொடங்கின. 2524 மீற்றர் உயரமுள்ள பிதுருதலாகல மலையின் உச்சியில் நிறுவப்பட்ட கோபுரத்திலிருந்து ஒலியும் உருவும் மலைநாட்டின் மேல் பரவின.

அக்காலத்தில் பெட்டிகளை ஒப்பிடுவது எளிய காரியமாக இருந்தது. மின்சாரம் எட்டாத ஊர்களில் 12 வோல்ற் கார் மின்கலத்தைப் பூட்டிக் கறுப்பு வெள்ளைப் பெட்டியை இயக்கினார்கள். மலைத்தொடர் மறைக்காத லயத்திலே படம் தெளிவாகத் தெரியும். அதே தோட்டத்தில், ஒரு வளைவு தள்ளி, மலையின் நிழலில் அமைந்த லயத்திலே படம் முழுவதும் பனி கொட்டுவது போல வெண்புள்ளிகள் விழும். ஆகவே பெட்டியின் தரத்தைக் காட்டிலும் வீட்டின் இருப்பிடமும், கூரைமேல் நாட்டிய கம்பத்தின் உயரமும், அதில் கட்டிய அன்ரெனாவின் முகமுமே பெரிதாக மதிக்கப்பட்டன. இன்று பல லயங்களின் கூரைகளிலே செய்மதிக் கிண்ணங்கள் காணப்படுகின்றன. படம் பனியில்லாமல் வருகிறது. ஆனால் கடையிலே நிற்கும்போது தெரிவு செய்ய வேண்டிய பெட்டிகளும், அவற்றின் மேல் ஒட்டப்பட்டுள்ள எழுத்துக்களும் பெருகிவிட்டன. முன்னே வானத்தில் இருந்த குழப்பம் இப்போது கடையின் சுவருக்கு வந்துவிட்டது.

இப்பெட்டிகளின் உள்ளே நிகழ்வது யாதெனில், பழைய கண்ணாடிக் குழாய்ப் பெட்டியிலே இலத்திரன் கதிர் திரையின் பின்புறத்தில் மோதி அங்கே ஒளியை உண்டாக்கியது. அந்தக் குழாயின் மூலவடிவத்தை ஜெர்மானிய அறிஞர் பிரவுண் 1897ஆம் ஆண்டிலேயே அமைத்திருந்தார். இன்றைய தட்டைப் பெட்டிகளிலே பெரும்பாலானவை திரவப் பளிங்குத் திரைகள். அத்திரை தானாக ஒளிர்வதன்று. பின்னால் ஒரு விளக்கு எரிகின்றது. முன்னால் இலட்சக்கணக்கான சிறு கதவுகள் திறந்தும் மூடியும் அந்த ஒளியை அளவாக வெளியே விடுகின்றன. கடையில் 'எல்.ஈ.டி. டி.வி.' என்று சொல்வது, அப்பின்விளக்கு எல்.ஈ.டி. என்னும் ஒளியுமிழ் வகையைச் சேர்ந்தது என்பதையே குறிக்கும். நீல நிற எல்.ஈ.டி. கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே வெள்ளொளி தரும் இச்சிறு விளக்குகள் எளிதிற் கிடைத்தன. அதனைக் கண்டறிந்த அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டில் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

'கியூ.எல்.ஈ.டி.' என்ற பெயரும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. பின்விளக்கின் ஒளி மிக நுண்ணிய துகள்கள் பரப்பிய ஒரு மென்தகட்டைக் கடந்து வருவதால், சிவப்பும் பச்சையும் சற்றுத் தூய்மையாகத் தெரியும்; அவ்வளவே. 'ஓ.எல்.ஈ.டி.' என்பது மட்டும் வேறு இனம். அதிலே ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணைகின்றது. எழுத்திலே ஒன்று போலத் தோன்றும் இவ்விரண்டு பெயர்களும் விலையிலும் இயல்பிலும் வெகுதூரம் விலகியவை என்பதை வாங்குவோர் நினைவிற்கொள்ள வேண்டும்.

இனி ஒப்பீட்டின் முதலாவது அங்கமாகிய ஒளியை எடுத்துக்கொள்வோம்.

திரையின் ஒளியை 'நிட்' என்ற அளவையால் அளக்கிறார்கள். ஒரு சதுர மீற்றர் பரப்பிலிருந்து ஒரு மெழுகுதிரி அளவு ஒளி நேராக வந்தால் அது ஒரு நிட் என்று ஏறத்தாழக் கொள்ளலாம். விலை குறைந்த பெட்டிகள் பொதுவாக 200 முதல் 300 நிட் வரையும், நடுத்தரமானவை 400 முதல் 600 வரையும், உயர்ந்த வகைகள் 1000க்கு மேலும் ஒளிர்கின்றன. இந்த எண்களை மட்டும் பார்த்தால், இரு மடங்கு நிட் உள்ள பெட்டி இரு மடங்கு பிரகாசமாகத் தெரியும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் நம் கண் அவ்வாறு கணக்கிடுவதில்லை. ஒளி ஏறக்குறைய எட்டு மடங்கானால்தான் கண்ணுக்கு அது இரு மடங்காகத் தோன்றுகிறது. ஆதலின் 250 நிட் பெட்டிக்கும் 300 நிட் பெட்டிக்கும் உள்ள வேறுபாட்டை, இரண்டையும் அருகருகே வைத்தாலன்றி, வீட்டிலே ஒருவர் கண்டுகொள்வது அரிது. அந்த ஐம்பதுக்காக அதிக விலை கேட்கப்பட்டால் அதனைக் கொடுக்க வேண்டிய அவசியமில்லை.

அதிகமான ஒளி எங்கே தேவை? பகல் வெளிச்சம் தாராளமாக நுழையும் கூடத்தில் தேவை. கண்ணாடிச் சாளரங்களுக்கு எதிரே பெட்டியை வைக்க நேரும் வீட்டில் தேவை. நம் லயத்து அறைகளோ, பழைய அமைப்பிலே பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ளவை; சாளரம் சிறியது; அப்புத்தளைப் பக்கத்தில் மாலைப் பனிமூட்டம் இறங்கிவிட்டால் நான்கு மணிக்கே விளக்கேற்ற வேண்டியிருக்கும். வேலை முடித்து வந்து, சமையல் முடித்து, இரவிலே பெட்டியின் முன் அமரும் குடும்பத்திற்கு 250 நிட் ஒளி போதுமானது. இருண்ட அறையில் அளவுக்கு மிஞ்சிய ஒளி கண்ணை விரைவிலே களைப்படையவும் செய்யும்.

அப்படியாயின் கடையிலே மட்டும் சில பெட்டிகள் ஏன் கண்ணைப் பறிக்கின்றன? கடைகளிலே விளக்குகள் வரிசை வரிசையாக எரிகின்றன. அவற்றோடு போட்டியிட வேண்டியிருப்பதால் பெட்டிகளை மிகை ஒளி முறையில் வைத்திருப்பார்கள். அம்முறையில் நீலம் மிகுந்து, முகங்கள் வெளிறி, புல் நஞ்சுப் பச்சையாகத் தெரியும். வண்ணமயமான பூக்களும் மீன்களும் ஓடும் படத்தையே திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். அந்தப் படம் எந்தப் பெட்டியிலும் அழகாகத் தெரியும்படி தயாரிக்கப்பட்டது. கடைக்காரரிடம் மரியாதையாக, "இதை வீட்டு முறைக்கு மாற்றிக் காட்டுங்கள்" என்று கேட்பதிலே தவறில்லை. ஒப்பிடும் இரண்டு பெட்டிகளையும் ஒரே முறையில் வைத்து, ஒரே படத்தை ஓடவிட்ட பின்னரே ஒளியைப் பற்றி முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது அங்கம் உருவின் தரம். இதற்குள்ளே நான்கு கூறுகள் அடங்கியுள்ளன.

முதற்கூறு, கறுப்பு கறுப்பாகத் தெரிகிறதா என்பது. பின்விளக்கு எரிந்துகொண்டேயிருப்பதால், கதவுகள் எவ்வளவு இறுக மூடினாலும் சிறிது ஒளி கசியும். அதனால் இரவுக் காட்சியிலே கறுப்பு சாம்பலாகத் தெரியும். திரவப் பளிங்குத் திரைகளில் இரு பெரும் வகைகள் உள்ளன. 'வீ.ஏ.' என்ற வகையிலே வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வேறுபாடு பொதுவாக 3000க்கு 1 என்ற அளவிலும் அதற்கு மேலும் இருக்கும். 'ஐ.பி.எஸ்.' என்ற வகையிலே அது 1000க்கு 1 என்ற அளவை ஒட்டியிருக்கும். இருட்டறையில் இரவுப் படம் பார்ப்பவர்களுக்கு முதல் வகையே இன்பம் தரும்.

இரண்டாம் கூறு, பக்கத்திலிருந்து பார்த்தால் எவ்வாறு தெரிகிறது என்பது. இங்கே நிலைமை தலைகீழாகிறது. ஐ.பி.எஸ். திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது, வீ.ஏ. திரை பக்கத்திலிருப்பவருக்கு வெளுத்துத் தோன்றும். ஒரே அறையிலே பாட்டி கட்டிலிலும், பிள்ளைகள் பாயிலும், தாய் அடுப்படி வாசற்படியிலுமாக அமர்ந்து பார்க்கும் வீட்டிலே, நேர் எதிரே இருப்பவர் ஒருவரோ இருவரோதான். அத்தகைய வீட்டிற்குப் பக்கப் பார்வை பெரிது. ஆகவே கறுப்பு நன்றாகத் தெரியும் பெட்டி, பக்கத்திலிருந்து நன்றாகத் தெரியும் பெட்டி என்ற இரண்டில் எது வேண்டுமென்பதை, வீட்டிலுள்ளோர் அமரும் ஒழுங்கை எண்ணிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். எண்ணற்ற விளம்பரங்களிலே இந்தச் செய்தி காணப்படுவதில்லை.

மூன்றாம் கூறு, புள்ளிகளின் எண்ணிக்கை. 'எச்.டி.' என்று விற்கப்படும் சிறு பெட்டிகளிலே குறுக்காக 1366 புள்ளிகளும் நெடுக்காக 768 புள்ளிகளும் உள்ளன. 'புல் எச்.டி.' என்பதிலே 1920க்கு 1080. '4கே' என்பதிலே 3840க்கு 2160. புள்ளிகள் கூடினால் படம் தெளிவாகும் என்பது உண்மை. ஆனால் கண்ணால் பிரித்தறியக்கூடிய எல்லை வரைக்குமே அது உண்மை. நல்ல பார்வையுள்ள கண், எட்டடி தூரத்திலிருந்து ஏறக்குறைய 0.7 மில்லிமீற்றருக்குக் குறைந்த புள்ளிகளைத் தனித்தனியாகக் காணமாட்டாது. 32 அங்குல எச்.டி. பெட்டியிலே ஒரு புள்ளியின் அகலம் சுமார் 0.52 மில்லிமீற்றர், அதே அளவுள்ள புல் எச்.டி. பெட்டியிலே சுமார் 0.37 மில்லிமீற்றர். எட்டடி தூரத்திலே இரண்டும் கண்ணின் எல்லைக்கு உட்பட்டவையே. லயத்து அறையின் ஒரு சுவரில் பெட்டியும் எதிர்ச் சுவரோரம் பாயும் இருக்கும்போது, இவ்விரண்டிற்கும் வேறுபாடு காண்பவர் அரியர்.

இதனோடு இணைந்த வேறொரு செய்தியும் உண்டு. பெட்டி எத்தனை புள்ளிகளைக் கொண்டதாயினும், வருகின்ற படத்திலே இல்லாத நுணுக்கத்தை அது படைத்துவிட முடியாது. நம் நாட்டுத் தொலைக்காட்சி எழுந்த 625 வரி முறையிலே, உருவமாகத் திரைக்கு வருபவை 576 வரிகளே. அத்தரத்திலுள்ள படத்தை 32 அங்குலத் திரையில் விரித்தால் ஒரு வரி சுமார் 0.7 மில்லிமீற்றர் உயரம் பெறும். எட்டடியிலிருந்து பார்க்கும் கண்ணின் எல்லையும் அதுவே. ஆகவே படம் சீராகத் தெரியும். அதே படத்தை 43 அங்குலத் திரையில் விரித்தால் ஒரு வரி 0.9 மில்லிமீற்றருக்கு மேலாகிறது. கரடுமுரடு கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். அதிக விலை கொடுத்துப் பெரிய பெட்டி வாங்கியவர், "பழைய பெட்டியிலே படம் இதைவிடத் துலக்கமாக இருந்ததே" என்று வருந்துவதற்குக் காரணம் இதுதான். பழுது பெட்டியில் இல்லை; சிறிய படத்தைப் பெரிய துணியில் இழுத்துக் கட்டியதே காரணம்.

நான்காம் கூறு, பெட்டியின் மேல் ஒட்டப்படும் 'எச்.டி.ஆர்.' என்னும் எழுத்து. மிகப் பிரகாசமான இடத்தையும் மிக இருண்ட இடத்தையும் ஒரே காட்சியில் இயற்கையாகக் காட்டும் முறை அது. அதற்கு மிகுந்த ஒளியும் ஆழ்ந்த கறுப்பும் தேவை. 250 நிட் பெட்டியிலே அந்த எழுத்து ஒட்டப்பட்டிருந்தால், அவ்வகைப் படத்தைப் பெட்டி ஏற்றுக்கொள்ளும் என்பதே பொருள். அதன் அழகை முழுமையாகக் காட்டும் என்பது பொருளன்று. அந்த எழுத்துக்காக மட்டும் பணம் கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை.

நேயர்களே, இவ்விடத்தில் ஆசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்றினால் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்கள் தொலைக்காட்சி வழியாகவும் நடத்தப்பட்டன. தொலைபேசிச் சமிக்ஞை எட்டாத மலைச்சரிவுகளில் வாழ்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பெட்டியே வகுப்பறையாயிற்று. அன்று தேவைப்பட்டது பூவின் நிறமன்று, மீனின் பளபளப்பன்று. கணிதப் பாடத்தில் எழுதப்பட்ட சிறு எண்கள் மூன்றா எட்டா என்று தெரிய வேண்டும். தமிழ் எழுத்தின் புள்ளி மறையாமல் இருக்க வேண்டும். பிள்ளைகள் கல்விக்காகவும் பயன்படுத்தும் பெட்டியாயின், எழுத்தின் துலக்கத்தையே முதற்சோதனையாகக் கொள்ள வேண்டும். ஐந்தடி தூரத்தில் அமர்ந்து, இணையத்திலிருந்து பெற்ற பாடத்தையோ பழைய வினாத்தாளையோ வாசிக்கும் மாணவனுக்கு, 32 அங்குலத்தில் எச்.டி. பெட்டியைவிடப் புல் எச்.டி. பெட்டி உண்மையாகவே கூர்மையாகத் தெரியும். எட்டடியில் வீணாகத் தோன்றிய அந்த வேறுபாடு, ஐந்தடியில் பயனுள்ளதாகிறது. ஒரே பெட்டியின் தகுதி அதைப் பயன்படுத்துவோரைப் பொறுத்து மாறுகிறது என்பதற்கு இதுவே சான்று.

மூன்றாவது அங்கம் விலை. விலையை ரூபாவில் மட்டும் பார்ப்பதை விட்டு, உழைப்பு நாட்களில் பார்க்கும் வழக்கத்தை நம் மக்களுக்கு நான் பரிந்துரைக்கிறேன். பெருந்தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கூலியை அடிப்படையாக வைத்துக் கணக்கிற்காக மூன்று பெட்டிகளை எடுத்துக்கொள்வோம். இந்த விலைகள் கணக்கிற்காக நான் வைத்துக்கொண்டவை. கடைவிலை அவ்வப்போது மாறும். முதலாவது, 32 அங்குல எச்.டி. பெட்டி, 40,500 ரூபா. அது 30 நாள் உழைப்பு. இரண்டாவது, 32 அங்குலப் புல் எச்.டி. பெட்டி, 54,000 ரூபா. 40 நாள் உழைப்பு. மூன்றாவது, 43 அங்குல 4கே பெட்டி, 94,500 ரூபா. 70 நாள் உழைப்பு. ஊழியர் சேமலாப நிதிக்காக நூற்றுக்கு 8 வீதம் கழிவதைச் சேர்த்தால் நாட்கள் இன்னும் கூடும். உங்கள் இன்றைய நாட்சம்பளத்தால் கடை சொல்லும் விலையை வகுத்துப் பாருங்கள். 'இன்னும் 13,500 ரூபா போட்டால் அடுத்த பெட்டி' என்று கேட்கும்போது சிறிதாகத் தோன்றும் தொகை, 'இன்னும் 10 நாள் கொழுந்து பறித்தால் அடுத்த பெட்டி' என்று எண்ணும்போது தன் உண்மை உருவத்தைக் காட்டும்.

பணத்தை ஒருங்கே கொடுக்க இயலாதவர்கள் தவணை முறையை நாடுகிறார்கள். 54,000 ரூபாப் பெட்டியை, 6000 ரூபா முற்கொடுப்பனவும் மாதம் 5000 ரூபா வீதம் 12 தவணையுமாகத் தருவதாகச் சொன்னால், மொத்தம் 66,000 ரூபா ஆகிறது. மேலதிகமாகக் கொடுப்பது 12,000 ரூபா, அதாவது ஏறக்குறைய 9 நாள் கூலி. 48,000 ரூபாக் கடனுக்கு 12,000 ரூபா வட்டியென்றால் நூற்றுக்கு 25 வீதம் என்று தோன்றும். ஆனால் கடன் மாதந்தோறும் குறைந்துகொண்டே வர, வட்டியோ முழுக் கடனுக்கும் போடப்பட்டிருக்கிறது. முறையாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 40 வீதத்திற்கும் மேலாக வட்டி கொடுத்தவராகிறோம். ஆகவே மாதத் தவணை எவ்வளவு என்று கேட்பதற்கு முன், முழுத்தொகை எவ்வளவு என்று கேட்டு, அதனைத் தாளில் எழுதி வாங்க வேண்டும். ஒப்பிட வேண்டியது இரண்டு கடைகளின் முழுத்தொகைகளையே.

வாங்கிய பின்னரும் செலவு தொடரும். 40 வாற் மின்சாரம் கொள்ளும் 32 அங்குலப் பெட்டி, நாளுக்கு ஐந்து மணி நேரம் இயங்கினால் மாதத்திற்கு 6 அலகுகள் செலவாகும். 80 வாற் கொள்ளும் 43 அங்குலப் பெட்டிக்கு 12 அலகுகள். வீட்டுப் பாவனையிலே அலகுகள் கூடக் கூட, ஒவ்வோர் அலகின் கட்டணமும் படிப்படியாகக் கூடும் முறை நம் நாட்டிலே இருப்பதால், எல்லையை ஒட்டி நிற்கும் வீட்டிற்கு அந்த ஆறு அலகுகளும் பெரிதாகலாம். பெட்டியின் பின்புறத் தகட்டிலே வாற் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். அதனைப் படித்துப் பாருங்கள். பின்விளக்கின் அளவைச் சற்றுக் குறைத்து வைத்தால் மின்சாரமும் மிஞ்சும், விளக்கின் ஆயுளும் நீளும்.

நம் மலைப்பகுதிக்கு உரிய மற்றோர் ஆபத்து இடி மின்னல். பருவக்காற்றுகள் மாறும் ஏப்ரல் மாதத்திலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலிலே இடியுடன் கூடிய மழை மிகுதி. அவ்வேளையில் பெட்டியின் ஆளியை அணைப்பது மட்டும் போதாது. மின்னல் வருமுன்னரே மின்செருகியையும் கழற்ற வேண்டும்; அன்ரெனாவிலிருந்தோ செய்மதிக் கிண்ணத்திலிருந்தோ வரும் கம்பியையும் கழற்ற வேண்டும். பலர் முதலாவதைச் செய்து இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். கடையில் உத்தரவாதப் பத்திரத்தைப் பெறும்போது, மின்னலால் உண்டாகும் பழுது அதில் அடங்குமா என்றும், பழுது பார்க்கும் நிலையம் பண்டாரவளையிலோ பதுளையிலோ இருக்கிறதா, கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா என்றும் கேட்க வேண்டும். திரை உடைந்தால் அதனை மாற்றும் செலவு, பல வேளைகளில் புதுப் பெட்டியின் விலையை நெருங்கிவிடும். ஆகையால் அருகிலே பழுது பார்க்கும் வசதியுள்ள பெட்டி, சற்று ஒளி குறைந்ததாயினும், நமக்கு மேலானது.

இப்போது கடைக்குள் நுழைந்தவர் செய்ய வேண்டியவற்றை ஒழுங்காகச் சொல்கிறேன். வீட்டிலிருந்து புறப்படும் முன், பெட்டி வைக்கும் சுவருக்கும் அமரும் இடத்திற்கும் உள்ள தூரத்தை அடியில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கடையிலே அதே தூரத்தில் நின்று பாருங்கள். அருகே சென்று பார்ப்பது ஏமாற்றும். வீட்டு முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். கடைப்படத்தை நிறுத்தி, நீங்கள் நாள்தோறும் பார்க்கும் ஒளிபரப்பைப் போடச் சொல்லுங்கள். மனித முகம் மனித முகமாக இருக்கிறதா என்று பாருங்கள். நம் நிறத்தவரின் முகம் சிவந்தோ பச்சை படிந்தோ தெரிந்தால் அது குறை. கறுத்த கூந்தலிலே இழைகள் தெரிகின்றனவா, வெறும் கரித்துண்டாகத் தெரிகிறதா என்று கவனியுங்கள். பின்னர் இடப்புறமும் வலப்புறமும் நடந்து சென்று பாருங்கள். கிரிக்கெட் ஆட்டம் ஓடினால் பந்தின் பின்னே வால் இழுபடுகிறதா என்று காணுங்கள். திரையின் அடியில் ஓடும் செய்தி வரியை வாசித்துப் பாருங்கள். இறுதியாகக் கண்ணை மூடிக்கொண்டு ஒலியைக் கேளுங்கள். மெல்லிய பெட்டிகளிலே ஒலிபெருக்கி சிறியதாயிருப்பதால் பேச்சு மூக்கால் ஒலிப்பதுண்டு. வானொலி கேட்டுப் பழகிய காதுக்கு அந்தக் குறை உடனே தெரிந்துவிடும்.

நான் சொன்ன மூன்று பெட்டிகளுக்கு இனித் தீர்ப்புக் கூறலாம். மாலையிலே செய்தியும் நாடகமும் பார்க்க மட்டும் விரும்பும் குடும்பத்திற்கு முதலாவது பெட்டி போதும். மிஞ்சும் 10 நாள் கூலி வேறு தேவைக்கு உதவும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, இணையப் பாடங்களையும் வினாத்தாள்களையும் அருகிலிருந்து வாசிக்கும் வீடாயின், இரண்டாவது பெட்டிக்குக் கொடுக்கும் மேலதிக விலை நியாயமானது. பத்தடிக்கு மேற்பட்ட நீளமுள்ள கூடமும், உயர்ந்த தரப் படங்களைத் தரும் இணைப்பும் உள்ள வீட்டிற்கே மூன்றாவது பெட்டி பயன்படும். அவையில்லாத வீட்டிலே அது 70 நாள் உழைப்பைச் சுவரில் மாட்டி வைத்ததாகவே முடியும். அயல் லயத்தில் 43 அங்குலம் வந்துவிட்டது என்பதற்காக நம் வீட்டிலும் அது வரவேண்டும் என்று எண்ணுவதே பல குடும்பங்களைத் தவணைக் கடனில் தள்ளுகிறது. அயலாரின் திரையின் அகலம் நம் வீட்டுச் சுவரின் தூரத்தை மாற்றிவிடாது.

தமிழகத்திலே 2006ஆம் ஆண்டு முதல் அன்றைய அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாக வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கியபோது, அவை 14 அங்குலப் பெட்டிகளாகவே இருந்தன. அந்தச் சிறு திரையைச் சுற்றிக் குடும்பம் முழுவதும் அமர்ந்து மகிழ்ந்தது. திரையின் அளவு வேறு, அதனால் பெறும் பயன் வேறு என்பதற்கு அதனையும் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

பெற்றோர்களே, அடுத்த முறை கடைத்தெருவுக்குச் செல்லும்போது, மேல் வகுப்பிலே படிக்கும் உங்கள் மகனையோ மகளையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். அளவுகோலையும் ஒரு தாளையும் எழுதுகோலையும் அவர்கள் கையிலே கொடுங்கள். தூரத்தை அளப்பதும், வாற் கணக்கைப் பெருக்குவதும், தவணைகளைக் கூட்டுவதும், நாட்கூலியால் வகுப்பதும் அவர்கள் பாடசாலையிலே கற்ற கணக்குகளே. கற்ற கணக்கு வீட்டுப் பணத்தைக் காக்கும் என்பதை அவர்கள் அன்று நேரிலே காண்பார்கள். விற்பவர் சொல்லுக்குத் தலையசைத்து வாங்குவதைக் காட்டிலும், பிள்ளை போட்ட கணக்கைப் பார்த்து வாங்குவது நமக்கு மதிப்பும் தரும், மிச்சமும் தரும்.